இழையப் பரிசோதனையும் மலைநாட்டு நோயாளரும்

ஊவா மலைநாட்டுத் தோட்டங்களிலே 'துண்டு' என்னும் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டாக இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவன், தன் பெயரில் நின்ற கடன் இவ்வளவு என்று எழுதப்பெற்ற துண்டைப் பெற்றே செல்லுதல் வேண்டும். அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டமே அவனைப் பெறும். 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்தபோதும் சொல் ஒழியவில்லை. தோட்ட மருந்தகத்திலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுக்கப்படும் கடிதத்தையும் துண்டு என்று சொல்வாருண்டு. அத்துண்டைக் கையிற் பிடித்துக்கொண்டு பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளிலிருந்து பதுளைக்கு வரும் ஒருவரிடம், வாயினுள் உள்ள புண்ணைப் பார்த்த வைத்தியர், "இதில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார். பழைய கடன் துண்டு எழுப்பிய அச்சத்தினும் பெரியதோர் அச்சம் அவ்விடத்திலேயே அவரைப் பற்றிக்கொள்கிறது. "யோசித்துச் சொல்கிறேன் ஐயா" என்று கூறி எழுந்து செல்வோர் பலர். அவருட் சிலர் மீண்டும் வரும்போது ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்திருக்கும்.

உடலின் ஐயத்துக்குரிய பகுதியிலிருந்து சிறு துணுக்கொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராயும் இம்முறையே மேனாட்டு மருத்துவத்தில் பயோப்சி எனப்படுவது. உயிர், காட்சி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1879 ஆம் ஆண்டில் இப்பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரான்சிய தோல்நோய் மருத்துவராகிய ஏர்னெஸ்ட் பெனியே என்பவர். உயிருள்ளவரிடமிருந்து எடுத்துக் காண்பது என்பதே அதன் கருத்து. இறந்தோர் உடலை அறுத்து ஆராய்ந்தே நோயின் இயல்பை அறிந்துவந்த காலத்தில், நோயாளி உயிரோடு இருக்கும்போதே உண்மையை அறியலாம் என்பது பெரிய மாற்றமாகும். உடலின் நோய்கள் யாவும் கலங்களில் நிகழும் மாறுதல்களே என்று ஜெர்மானிய அறிஞராகிய ருடோல்ஃப் விர்ச்சோ 1858 இல் நிறுவிய கொள்கை இதற்கு அடிப்படையாயிற்று. இலங்கைப் பாடநூல்களில் கலங்களின் கூட்டத்தை இழையம் என வழங்குவதால், இம்முறையை இழையப் பரிசோதனை என்றல் பொருந்தும்.

மலைநாட்டு மக்களிடையே இதனைப் பற்றி இருவகை அச்சங்கள் நிலவுகின்றன. துண்டெடுக்கச் சொன்னாலே அது புற்றுநோய்தான் என்பது ஒன்று. கத்தி பட்டால் நோய் உடலெங்கும் பரவிவிடும் என்பது மற்றொன்று. முன்னையதற்கு விடை கூறல் எளிது. புற்றுநோய் எனத் தெரிந்துவிட்டதனால் துணுக்கு எடுக்கப்படுவதில்லை, தெரியாமையினாலேயே எடுக்கப்படுகிறது. காசநோயினால் வீங்கிய கழுத்துக் கணுக்களிலும், ஆறாத தோற்புண்களிலும், காரணம் புலப்படாத சிறுநீரக நோயிலும் துணுக்கெடுத்துப் பார்த்தே மருந்து தீர்மானிக்கப்படுவதுண்டு. பின்னைய அச்சம் அத்துணை எளிதில் நீங்குவதன்று. அதற்கு அனுபவத்தின் சாயல் இருப்பதே காரணம். அதனை ஆராயுமுன், இப்பகுதியில் இப்பரிசோதனை பெரும்பாலும் வாயைச் சார்ந்தே எழுவதேன் என்பது நோக்கற்பாலது.

இலங்கை ஆடவரிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பது. தோட்டங்களிலே இது பெண்களையும் விட்டுவைக்கவில்லை. காரணம் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கும் சேர்ந்த வாய், விடியற்காலைப் பனியிற் பிரட்டுக்களத்துக்குச் செல்வோர்க்கு உடற்சூட்டையும் ஊக்கத்தையும் தருவது. மலையேறிக் கொழுந்து பறிப்போர்க்குப் பசியை மறப்பிப்பது. புகையிலையோடு கூடிய வெற்றிலை மெல்லுதல் மனிதரிடத்துப் புற்றுநோயை விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985 இல் அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையும், தனிப் பாக்குமே அத்தன்மையன என்று 2004 இல் வெளியிட்ட நூலிற் கூறியது. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்று ஆறுதல் கொள்வோர் இதனைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். தாம்பூலம் வைத்து அழைப்பதும், தெய்வத்துக்குப் படைப்பதும் சமயத்தோடும் மரபோடும் பொருந்தியன. அவற்றின்மேல் மருத்துவத்துக்கு வழக்கில்லை. கன்னத்தில் அடக்கி மணிக்கணக்காய் வைத்திருத்தலே அதன் கவலை. வெற்றிலையைக் குறைகூறுவதாக எண்ணி முதியோர் சினங்கொள்வதைத் தோட்டங்களிற் கண்டோர், இவ்வேறுபாட்டை விளக்கிச் சொன்னபின் அவர்கள் செவிகொடுப்பதையும் கண்டிருப்பர்.

புற்று ஒருநாளில் தோன்றுவதன்று. அதற்கு முன்னரே வாயின் உட்பரப்பிற் சில அடையாளங்கள் தோன்றும். துடைத்தாலும் நீங்காத வெண்படலம் ஒன்று. வெல்வெட்டுப் போன்ற செம்படலம் மற்றொன்று. இவ்விரண்டினுள் வலியில்லாமையால் எவரும் பொருட்படுத்தாத செம்படலமே மிகுந்த ஐயத்துக்குரியது. காரம் பட்டால் எரிவு, கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்தல், வாயை விரிவாகத் திறக்க இயலாமை என்பன வேறொரு நிலையின் அறிகுறிகள். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு 1952 இல் மருத்துவ உலகுக்கு விவரிக்கப்பட்ட அந்நிலை, பாக்கு மெல்லும் நாடுகளிலெல்லாம் உள்ளது. சோற்றுக் கவளத்தை முன்போல வாயில் இட முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அது பல்லின் குற்றமென்று வாளாவிருத்தல் தவறு. மூன்று கிழமைகளுக்கு மேல் ஆறாத புண் எதுவாயினும் பல் வைத்தியரிடம் காட்டற்பாலது. வலி இல்லாமை நலத்துக்குச் சான்றாகாது. தொடக்க நிலையிலுள்ள வாய்ப்புற்றுப் பெரும்பாலும் வலிப்பதில்லை.

இத்தகைய அடையாளங்களை முற்கூட்டியே கண்டுபிடிக்க இந்நாட்டில் ஒரு முயற்சி செய்யப்பட்டது. கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, மக்களின் வாயைப் பரிசோதிக்கச் செய்தனர் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் பணியாற்றியோரும். முடிவுகள் 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியாயின. எளிய பயிற்சி பெற்ற ஊழியரும் ஐயத்துக்குரிய புண்களை இனங்காண வல்லவர் என்பது அதனாற் புலனாயிற்று. அதனினும் முக்கியமான செய்தி வேறொன்று. மேற்பரிசோதனைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேரே சென்றனர். மற்றையோர் தம் வீட்டுவாயிலிலேயே எச்சரிக்கப்பட்டும் செல்லவில்லை. கருவி இல்லாமையோ வைத்தியர் இல்லாமையோ அங்குத் தடையாக இருக்கவில்லை.

தோட்டத் தொழிலாளர் செல்லாமைக்குரிய காரணங்களை அறியாமை என்ற ஒரே சொல்லால் மூடிவிடுதல் நேர்மையாகாது. பதுளைக்குச் செல்லும் நாளில் பெயர் விழாது. ஒருநாட் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மடுல்சீமை மலையிலிருந்து பஸ் ஏறி, வரிசையில் நின்று, மற்றொரு நாள் வரச்சொல்லிக் கேட்டுத் திரும்பியவர், மறுமுறை செல்லத் தயங்குவது இயல்பே. அரசாங்க வைத்தியசாலையிற் பரிசோதனைக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. எனினும் கட்டணமில்லாதது யாவும் செலவில்லாதது அன்று. எனவே முதல்நாளிலேயே நோயாளி கேட்டறிய வேண்டிய வினாக்கள் சில உள. துணுக்கு இன்றே எடுக்கப்படுமா, வேறு நாளிலா? எத்தனை முறை வரல் வேண்டும்? வைத்தியச் சான்றிதழ் கிடைக்குமா? இவற்றைக் கேட்டல் மரியாதைக் குறைவாகாது.

இனிக் கத்தி பட்டாற் பரவும் என்னும் அச்சத்தை நோக்குமிடத்து, அது பிறந்த வழி தெளிவாகும். ஒரு லயத்தில் வாழ்ந்த ஒருவர் கன்னத்துப் புண்ணை ஈராண்டு மறைத்து வைத்திருந்தார் என்று கொள்க. தாடை வீங்கி, கழுத்திற் கட்டி தோன்றி, சோறு விழுங்க முடியாத நிலையில் உறவினர் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றனர். துணுக்கு எடுக்கப்படுகிறது, புற்றுநோய் என்று முடிவாகிறது, சில மாதங்களில் அவர் இறக்கிறார். லயத்தார் கண்ட முறையோ வேறு: "நடந்துதான் போனார், துண்டெடுத்தார்கள், இரண்டு மாதத்திற் போய்விட்டார்." ஈராண்டு மறைவாக வளர்ந்ததை எவரும் காணவில்லை, கத்தியையே யாவரும் கண்டனர். பின்னர் நிகழ்ந்தது முன்னர் நிகழ்ந்ததன் விளைவே என்று கொள்ளும் இத்தவறு, தருக்க நூலார் நன்கு அறிந்த போலிகளுள் ஒன்று. அவ்வொரு மரணத்தைக் கேள்வியுற்ற அடுத்த வீட்டார், தம் வாய்ப்புண்ணை மறைக்கின்றனர்; அவரும் காலந்தாழ்த்தியே செல்கின்றனர்; அவருடைய மரணமும் அதே கதைக்குச் சான்றாகச் சேர்கிறது. அச்சம் தாமதத்தை விளைக்க, தாமதம் அச்சத்துக்குச் சான்று தருகிறது.

உண்மை யாதெனில், வாய்ப்புண்ணிலிருந்து முறைப்படி எடுக்கப்படும் சிறு துணுக்கினால் நோயாளிக்குத் தீங்கு விளைகிறது என்பதற்குத் தக்க ஆதாரமில்லை. உலகெங்கும் வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை தொடங்குமுன் இழையப் பரிசோதனை செய்தே தீர்மானிக்கின்றனர். உடலின் வேறு சில உறுப்புகளில், ஊசி சென்ற வழியே கலங்கள் படிதல் அரிதாக நிகழக்கூடும் என்பதை மருத்துவர் அறிவர். அவ்வுறுப்புகளில் ஊசி செலுத்தும் வழியையும், செலுத்தலாமா என்பதையும் அதற்கேற்பவே முடிவுசெய்கின்றனர். இதனை மறைக்காமற் கூறுவதே நன்று. முழுதும் மறைப்போர் சொல்லை மக்கள் நம்பார். சத்திரசிகிச்சை அந்நிய நாட்டார் கொணர்ந்த புதுமை என்று கருதுவோர், சுஸ்ருதரின் பழைய நூல் அறுவைக் கருவிகளை வகைப்படுத்திக் கூறுவதை நினைவுகூரலாம்.

பரிசோதனைக்குச் செல்லுமுன் நோயாளி வைத்தியருக்குச் சொல்லவேண்டியவை, வைத்தியர் நோயாளிக்குச் சொல்லவேண்டியவற்றினும் குறைந்தவை அல்ல. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவர் அதனை முதலிலேயே கூறுதல் வேண்டும். மாரடைப்பு வந்தவர்க்கு அஸ்பிரினும் குளொபிடோகிரெலும், இருதய வால்வு நோயாளர் சிலர்க்கு வாஃபரினும் கொடுக்கப்படுவதுண்டு. குளிசையின் பெயர் தெரியாவிடின் அதன் உறையையோ கிளினிக் கொப்பியையோ கொண்டு செல்லலாம். ஈண்டு ஒரு தவறு அடிக்கடி நேர்வது. இரத்தம் ஓடும் என்று அஞ்சி, எவரையும் கேளாமல் இக்குளிசைகளைத் தாமே நிறுத்திவிடுவோர் உளர். வாயில் எடுக்கும் சிறு துணுக்குக்காக அஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. வாஃபரின் உண்பவர்க்கு முதலிற் குருதியைச் சோதித்துப் பார்ப்பர். தாமே நிறுத்திய மருந்தினால் பாரிசவாதமோ மாரடைப்போ நேருமாயின், அது வாயிற் சில துளி குருதி கசிவதனினும் எத்துணையோ கொடியது. நிறுத்துவதா, தொடர்வதா என்பது வைத்தியரின் முடிவு.

நீரிழிவு, உயர் குருதியமுக்கம், ஈரல் நோய், முன்னர்ப் பல் பிடுங்கியபோது நெடுநேரம் குருதி நிற்காமை, மருந்தினால் உடல் தடித்தமை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றையும் மறைத்தலாகாது. சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதுற்றவர்க்கு முன்னரே மருந்து கொடுக்க வேண்டிய தேவையும் நேரலாம். வெறும் வயிற்றுடன் வரவேண்டுமா என்பதும் கேட்டறியத் தக்கது. புண்ணைச் சுற்றி மட்டும் விறைக்கச் செய்யும் ஊசியாயின், காலை உணவை உண்டு செல்வதே நன்று. பசியோடு நின்று மயங்கி விழுந்தோர் பலர். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதாயின், பொதுவாக ஆறு மணி நேரம் உணவு கொள்ளாதிருக்கச் சொல்வர். நீரிழிவுக் குளிசை உண்பவர் அவ்வேளையில் குளிசையை என்செய்வது என்று தவறாது கேட்டல் வேண்டும்.

வாயில் துணுக்கெடுத்தல் நெடுநேரம் பிடிக்கும் காரியமன்று. ஊசி குத்தும்போது எரிவுடன் கூடிய வலி சில விநாடி இருக்கும். பின்னர் அவ்விடம் விறைத்துவிடும். கத்தி தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. வலி தெரிந்தால் கையை உயர்த்திக் காட்டலாம். மேலும் மருந்து செலுத்துவர். பல்லைக் கடித்துப் பொறுத்தலை வீரமென்று எண்ணி அசையாதிருப்போர் சிலர். அதனால் ஒரு பயனும் இல்லை. புண் சிறியதாயின் அதனை முழுதுமே எடுத்துவிடுவர். பெரியதாயின் ஐயத்துக்குரிய ஒரு பகுதியை மட்டும் எடுப்பர். இவ்விரண்டினுள் எது செய்யப்படுகிறது என்பதை நோயாளி அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், பகுதி மட்டும் எடுத்தபின் புண் மீந்திருப்பதைக் கண்டு, "எடுத்தும் போகவில்லையே" என்று மனமுடைவோர் உளர். எடுத்தது அறிவதற்காக, நீக்குவதற்காக அன்று. ஓரிரு தையல்கள் இடப்படலாம். தானே கரையும் நூலா, வெட்டி எடுக்க வேண்டிய நூலா என்று கேட்டுக்கொண்டால், வீண் பயணம் ஒன்று குறையும்.

வீடு திரும்பியபின் குருதி கசியுமாயின், சுத்தமான துணியை மடித்து அவ்விடத்தில் வைத்து, இருபது முப்பது நிமிடம் எடுத்துப் பாராமல் அழுத்திப் பிடித்தல் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதே கசிவு நில்லாமைக்குப் பெருங்காரணம். அன்று கொதிக்கும் தேநீரையும், காரத்தையும், அடிக்கடி துப்புதலையும் தவிர்த்தல் நன்று. விறைப்பு நீங்குமுன் உண்டால் கன்னத்தையே கடித்துக்கொள்ள நேரும். வெற்றிலை, புகையிலை, சுருட்டு ஆகியன காயம் ஆறும்வரையிலாவது வாயை அணுகலாகாது. பல ஆண்டுப் பழக்கத்தை நிறுத்துவதற்கு அக்காயமே நல்ல வாய்ப்பாக அமைந்தோரும் உண்டு. அழுத்தியும் நில்லாத குருதி, காய்ச்சல், நாட்செல்ல மிகும் வீக்கம் ஆகியன தோன்றின், குறித்த நாள்வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

எடுத்த துணுக்கு என்னவாகிறது என்பது பலர் அறியாதது. அறிந்தால், முடிவு வரத் தாமதமாவதேன் என்று ஐயுறார். முதலில் அது ஃபோர்மலின் என்னும் திரவத்தில் இடப்படுகிறது; இல்லையேல் சில மணி நேரத்திற் கெட்டுவிடும். பின்னர் அதிலுள்ள நீரை நீக்கி, உருகிய மெழுகை அதனுட் செலுத்தி, மெழுகுக் கட்டியாக உறையச் செய்வர். அக்கட்டியிலிருந்து மயிரிழையின் தடிப்பிற் பதினைந்தில் ஒரு பங்கு என்னுமளவு மெல்லிய தகடுகளைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, நீலமும் இளஞ்சிவப்புமாகிய இரு சாயங்களை ஊட்டுவர். அதன் பின்னரே நோயியல் வைத்தியர் அதனை நோக்குகிறார். வாயிலிருந்து எடுக்கப்படும் துணுக்குகளை ஆராய்வதிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடம் இந்நாட்டில் முதன்மையான இடம் வகிப்பது. ஐயம் எழுந்தால் மேலும் தகடுகள் சீவப்படும். வேறு சாயங்கள் ஊட்டப்படும். ஆகவே ஓரிரு கிழமை தாமதமாதல் வழக்கம். தாமதம் கெட்ட செய்திக்கு அறிகுறி அன்று.

முடிவு எழுதிய தாளை நோயாளி எவ்வாறு விளங்கிக்கொள்வது? தீங்கற்றது என்றும், புற்றுநோய் என்றும் இரண்டே விடைகள் உண்டென்று பலர் எண்ணுகின்றனர். இடைப்பட்ட விடை ஒன்றும் உண்டு. கலங்களின் உருவமும் ஒழுங்கும் பிறழத் தொடங்கியுள்ளன. ஆயினும் அவை ஆழத்தில் ஊடுருவவில்லை என்பது அது. பிறழ்வு சிறியது, நடுத்தரமானது, கடுமையானது என அதிலும் படிகள் உள. இவ்விடை பெற்றவர், "புற்றுநோய் இல்லையாம்" என்ற அரைச் செய்தியோடு மகிழ்ந்து திரும்பி, மீண்டும் வெற்றிலைப் பையைத் திறப்பதே பெருந்துன்பம். அவர் பழக்கத்தை விட்டு, குறித்த காலத்தில் வாயைக் காட்டிவருதல் வேண்டும். சிலர்க்கு அப்பகுதியை நீக்கவும் நேரும். நோய் வருமுன் தடுக்க வாய்க்கும் அரிய இடைவேளை அது.

தீங்கற்றது என்ற விடையும் எப்பொழுதும் இறுதியானதன்று. இதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற சான்றுண்டு. ஜெர்மானிய இளவரசர் பிரெடரிக்கின் குரல்வளையில் 1887 ஆம் ஆண்டில் ஒரு கட்டி காணப்பட்டது. ஜெர்மானிய வைத்தியர்கள் புற்று என ஐயுற்று அறுவைக்கு ஆயத்தமாயினர். இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்ட மொறெல் மெக்கன்சி, முதலிற் துணுக்கெடுத்து ஆராய்தல் வேண்டும் என்றார். துணுக்கு, முன்னர்க் கூறப்பட்ட விர்ச்சோவிடமே அனுப்பப்பட்டது. தமக்கு அனுப்பப்பட்டதிற் புற்றுநோயை அவர் காணவில்லை. அறுவை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் அரியணை ஏறிய பிரெடரிக், தொண்ணூற்றொன்பது நாள் ஆண்டு, ஜூன் 15 ஆம் நாள் அந்நோயாலேயே இறந்தார். பேரரசருக்கு நேர்ந்தது பெருந்தோட்டத் தொழிலாளிக்கும் நேரலாம். நுணுக்குக்காட்டி, தன் கீழ் வைக்கப்பட்டதை மட்டுமே காண்பது; கட்டியின் எப்பகுதியிலிருந்து துணுக்கு வந்தது என்பதிலேயே விடை தங்கியுள்ளது. எனவே நல்ல விடை வந்தபின்னும் புண் ஆறாமலோ வளர்ந்தோ செல்லுமாயின், மீண்டும் துணுக்கெடுக்கச் சொல்லும் வைத்தியரைக் குறைகூறுதல் தகாது. முதலில் எடுத்தவர் பிழைவிட்டார் என்பதும் அதன் பொருளன்று.

ஊவா மாகாணத்தில் வாயைச் சாராத இழையப் பரிசோதனைகளும் நிகழ்கின்றன. மார்பகக் கட்டிகளில் ஊசி வழியே துணுக்கெடுத்தல் பெண்கள் அறிந்திருக்க வேண்டியது. பதுளை மாவட்டத்தின் வறண்ட பகுதியாகிய கிராந்துருகோட்டையில், காரணம் இன்னும் முழுதும் தெளியாத சிறுநீரக நோய் விவசாயிகளைப் பீடித்து வருவது யாவரும் அறிந்ததே. சிறுநீரகத்தில் துணுக்கெடுத்தல், வாயில் எடுப்பது போன்றதன்று. குருதி உறையும் தன்மையும் குருதியமுக்கமும் முன்னரே சீர்பார்க்கப்படல் வேண்டும். எடுத்தபின் பல மணி நேரம் அசையாது படுத்திருத்தல் வேண்டும். சிறுநீர் சிவந்து போகிறதா என்று கவனித்தல் வேண்டும். ஒருவர்க்குச் சொல்லிய அறிவுரையை மற்றொருவர் தமக்கும் உரியதாகக் கொள்ளலாகாது என்பதற்கு இவ்வேறுபாடே போதும்.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். முடிவுத்தாள் ஆங்கிலத்தில் அமைவது; விளக்கம் பல வேளைகளிற் சிங்களத்தில் நிகழ்வது; நோயாளியோ தமிழர். சம்மதப் பத்திரத்திற் கைநாட்டு வைத்தவர், தாம் எதற்குச் சம்மதித்தோம் என்று அறியாமலே வைத்திருத்தல் கூடும். 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. தமிழில் விளக்குமாறு வேண்டுதல் சலுகை கேட்பது ஆகாது. தமிழறிந்த தாதியரோ ஊழியரோ அருகிலிருப்பின் அவரை அழைக்குமாறு கேட்கலாம்; இல்லையேல், படித்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லலாம். எனினும் ஓர் எச்சரிக்கை: பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி, தந்தைக்குப் புற்றுநோய் என்னும் செய்தியைப் பிள்ளையின் வாயாலேயே சொல்விப்பது கொடுமை. வளர்ந்த ஒருவரை அழைத்தலே முறை. உறவினரிற் சிலர், நோயாளிக்கு உண்மையைச் சொல்லவேண்டாம் என்று வைத்தியரை இரந்து நிற்பர். அன்பினால் எழும் வேண்டுகோளே அது. ஆயினும், நோயின் பெயரை அறியாதவர், மகரகமவுக்குப் போய்ப் பல கிழமை தங்கிச் சிகிச்சை பெறுவதன் தேவையை எங்ஙனம் உணர்வார்? பாதியிலே எழுந்து வந்துவிடுவோர் பெரும்பாலும் உண்மை சொல்லப்படாதவரே.

துணுக்கு எடுக்கப்பட்ட நாளில் நோயாளி கைக்கொண்டு திரும்பவேண்டியவை மூன்று: மாதிரியின் இலக்கம், முடிவைப் பெறவேண்டிய திகதி, அதனை எந்தப் பிரிவில் யாரிடம் பெறுவது என்னும் குறிப்பு. தொலைபேசி இலக்கத்தைப் பதியும்போது, நோயாளியின் இலக்கத்தோடு வீட்டிலுள்ள மற்றொருவரின் இலக்கத்தையும் கொடுத்தல் நன்று. கொழும்பில் வேலைசெய்யும் மகனின் இலக்கம் மட்டும் எழுதப்பட்டு, அவன் இலக்கத்தை மாற்றிவிட்டதால் செய்தி சேராது போதலும் உண்டு. முடிவுத்தாள் கிடைத்தவுடன் அதன் பிரதி ஒன்றை எடுத்து, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் அதே பெட்டியில் வைத்தல் வேண்டும். பதுளையிலிருந்து பேராதனைக்கோ மகரகமவுக்கோ அனுப்பப்படும்போது, அங்குள்ள வைத்தியர் முதலிற் கேட்பது அத்தாளையே. அது கையிலிருப்பின், பலமுறை பழைய மெழுகுக் கட்டியிலிருந்தே புதிய தகடுகளைச் சீவிப் பார்க்க இயலும். மீண்டும் கத்தி வைக்கவேண்டிய தேவை நேராது.